கணினியின் பணிசெயல் முறைமையும் வாவிக்கரையின் எழுத்தும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் நம் முன்னோர் இட்டு வழங்கிய பெயர்கள் பொருள் நிறைந்தவை. ஞாயிறு எழுகின்ற கடற்பக்கம் எழுவான்கரை. ஞாயிறு படுகின்ற வயற்பக்கம் படுவான்கரை. ஒரு கரையில் விளைந்தது மறுகரைக்குச் சென்றாலன்றி இரு கரையாருக்கும் வாழ்வில்லை. நெல் இக்கரைக்கு வரவேண்டும். மீனும் கருவாடும் அக்கரைக்குச் செல்லவேண்டும். ஆசிரியரும் மருத்துவரும் கடிதங்களும் இரு திசையிலும் போய்வரவேண்டும். ஆதலால், எந்தத் துறையில் எந்தப் பாதை ஓடுகிறது என்பதைக் கேட்டறிந்த பின்னரே இவ்வாவிக்கரை மக்கள் நெடுங்காலம் பயணம் புறப்பட்டனர். ஈண்டுப் பாதை என்றது தெருவையன்று. மக்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையையே நம் பகுதியார் பாதை என்பர்.

நேயர்களே, இன்றைய பேச்சின் பொருள் வாவியன்று, கணினி. ஆயினும், ஒரு கரையில் ஏற்றிய பொருள் மறுகரையிற் குறையாமல் இறங்குமா என்னும் பழைய கேள்வியே இங்கும் எழுகின்றது. கணினி வாங்கப் புறப்படும் ஒருவர் இன்று மூன்று பெயர்களைக் கேட்கிறார்: விண்டோஸ், மக், லினக்ஸ். இவற்றுள் எது நமக்கு ஏற்றது என்று பாடசாலை அதிபரும், கூட்டுறவுச் சங்கத்துச் செயலாளரும், கோயில் வண்ணக்கரும், பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளையின் தாயும் கேட்கின்றனர்.

இக்கேள்வி அண்மையில் அவசரமும் பெற்றுவிட்டது. 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் நாளுடன் மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 என்னும் தன் முறைமைக்கு வழமையாக அளித்துவந்த ஆதரவை நிறுத்திக்கொண்டது. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11, ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சாதனத்தைக் கட்டாயமாகக் கேட்கின்றது. அஃது இல்லாத பழைய கணினிகள் நல்ல நிலையில் இயங்கிக்கொண்டிருப்பினும் புதிய பதிப்பை முறையாக ஏற்கமாட்டா. அவற்றை வைத்திருப்போர் புதியது வாங்குவதா, ஆபத்தைப் பொறுத்துக்கொண்டு பழையதிலேயே இருப்பதா, வேறு முறைமைக்கு மாறுவதா என்று தீர்மானிக்க வேண்டியவராயினர். இத்தகைய தீர்மானங்கள் இதற்கு முன்னும் பலமுறை எடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் வரலாற்றை அறிந்தவன் தன் தீர்மானத்தைத் தெளிவோடு எடுப்பான்.

பணிசெயல் முறைமை என்பது யாது? நம் வயற்காணிகளின் ஒழுங்கை அறிந்தோருக்கு இதனை விளக்குதல் எளிது. உன்னிச்சைக் குளத்து நீர் பல விவசாயிகளின் வயல்களுக்குப் பாயவேண்டும். ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி மடையைத் திறந்தால் தலைமடையிலுள்ளவனுக்கு வெள்ளம், கடைமடையிலுள்ளவனுக்கு வறட்சி. ஆதலின் வட்டவிதானை என்றொருவர் இருந்து, யாருக்கு எப்பொழுது எவ்வளவு நீர் என்று பங்கிடுகிறார். கணினியினுள்ளும் பல மென்பொருள்கள் ஒரே நேரத்தில் நினைவகத்தையும் செயலியையும் அச்சுப்பொறியையும் கேட்கின்றன. அவற்றுக்கு முறைவைத்துப் பங்கிடும் வட்டவிதானையே பணிசெயல் முறைமை. இலங்கைப் பாடநூல்கள் இப்பெயராலும், தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இயக்க அமைப்பு என்னும் பெயராலும் இதனை வழங்குகின்றன. காரைதீவிற் பிறந்து, அறிவியலிலும் தமிழிலும் ஒருங்கே துறைபோகிய சுவாமி விபுலானந்தர் 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அவர் பிறந்த மண்ணில் ஒரு பொருளுக்கு இரு கலைச்சொற்கள் வழங்குவதைக் காணும்போது, அப்பணி இன்னும் முற்றுப்பெறவில்லை என்பது புலனாகும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1974ஆம் ஆண்டளவில் அமெரிக்கரான கேரி கில்டால், சிறு கணினிகளுக்கென சி.பி.எம். என்னும் முறைமையை ஆக்கினார். அடுத்த சில ஆண்டுகளில் அதுவே சிறு கணினி உலகின் பொதுமுறையாயிற்று. 1981 ஓகஸ்ட் 12ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை அறிமுகஞ் செய்தது. அதே ஓகஸ்ட் மாதத்தின் முதலாம் நாளன்று வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டதும், அதுவே பின்னர் 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்ததும் நம் பகுதியார் நினைவிற் கொள்ளத்தக்கவை. தனியாள் கணினியும் நம் பல்கலைக்கழகமும் ஒரே திங்களிற் பிறந்தவை எனலாம்.

அக்கணினியை வாங்கியோர் முன் மூன்று முறைமைகள் வைக்கப்பட்டன. மைக்ரோசொப்ட் நிறுவனம் அளித்த டொஸ் ஒன்று, கில்டாலின் சி.பி.எம்.மின் புதிய வடிவம் மற்றொன்று. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திற் பிறந்த பீ-சிஸ்டம் மூன்றாவது. டொஸின் விலை 40 டொலர். சில மாதங்கள் தாழ்த்து வந்த சி.பி.எம்.மின் விலை 240 டொலர். எது வென்றது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் விலை மட்டுமே வெற்றிக்குக் காரணம் என்று கொள்ளுதல் பிழை. டொஸ் முறைமையின் மூலம் மைக்ரோசொப்டின் சொந்த ஆக்கமன்று. சியாட்டில் நகரத்துச் சிறு நிறுவனமொன்றிடமிருந்து வாங்கப்பட்டது. ஆயினும், தன் முறைமையைப் பிற கணினி நிறுவனங்களுக்கும் விற்கும் உரிமையை மைக்ரோசொப்ட் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஐ.பி.எம்.மைப் போன்ற கணினிகளைப் பலரும் செய்யத் தொடங்கியபோது அவை அனைத்திலும் டொஸ் அமர்ந்தது. அமர்ந்த இடத்தில் அதற்கான மென்பொருள்கள் பெருகின. மென்பொருள்கள் பெருகவே மேலும் பலர் அதனையே வாங்கினர். சந்தை கூடும் துறைக்கே மேலும் வள்ளங்கள் வந்து சேர்வது வாவியிலும் உண்டல்லவா?

1984 ஜனவரியில் அப்பிள் நிறுவனம் மக்கின்டொஷ் கணினியை வெளியிட்டது. கட்டளைகளை மனனஞ் செய்து தட்டும் துன்பம் நீங்கி, படங்களைச் சுட்டிப் பணிபுரியும் இன்பம் அதன்வழிப் பொதுமக்களை அடைந்தது. அச்சுக்கலைஞரும் ஓவியரும் அதனைப் போற்றினர். ஆயின் அம்முறைமை அப்பிளின் கணினிகளோடு பிணைக்கப்பட்டது. அக்கணினிகளின் விலையோ மிகுதி. 1985இல் முதற்பதிப்பும், 1990இல் பெருவெற்றி பெற்ற மூன்றாம் பதிப்பும், 1995இல் உலகெங்கும் பரவிய பதிப்புமாக மைக்ரோசொப்டின் விண்டோஸ் அதே இன்பத்தை மலிந்த கணினிகளுக்கும் கொண்டுவந்தது. ஐ.பி.எம்.மும் மைக்ரோசொப்டும் கூடிச்செய்து 1987இல் வெளியிட்ட ஓ.எஸ்.2 என்னும் முறைமையை வல்லுநர் பலர் புகழ்ந்தனர். எனினும் அதற்கெழுந்த மென்பொருள்கள் சிலவே. நாளடைவில் அது வழக்கொழிந்தது. திறமையான முறைமை என்பதனாலேயே ஒன்று நிலைத்துவிடாது என்பதற்கு இஃதொரு சான்று.

மூன்றாவது வழியின் ஊற்றுக்கண் வேறு. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் யுனிக்ஸ் என்னும் முறைமையைத் தொடங்கினர். 1983இல் றிச்சர்ட் ஸ்டோல்மன் என்பார், யுனிக்ஸ் போன்றதும் எவரும் பயன்படுத்தவும், ஆராயவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் உரிமையுடையதுமான ஒரு முறைமையை ஆக்கப்போவதாக அறிவித்து, அதற்கு குனு எனப் பெயரிட்டார். 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அத்தகைய முறைமைக்கு வேண்டிய கருவை எழுதி உலகுக்கு வழங்கினார். இவ்விரு முயற்சியும் இணைந்ததே இன்று லினக்ஸ் எனப்படுவது. ஒருவர் கட்டிய வள்ளத்தின் அளவுகளை மறைத்துவைக்காது ஊர்த் தச்சர் அனைவருக்கும் காட்டினால் எவ்வாறிருக்குமோ அவ்வாறானது இது. 2004இல் உபுண்டு என்னும் லினக்ஸ் வெளியானபோது, விரும்பிக் கேட்டோருக்கு அதன் இறுவட்டுகள் உலகெங்கும் அஞ்சலில் இலவசமாக அனுப்பப்பட்டன. இணையம் மெதுவாக இயங்கிய ஊர்களில் அவ்வுறைகள் பேருதவி புரிந்தன.

இதுவரை கூறியது உலக வரலாறு. ஆங்கிலத்தில் மட்டும் எழுதுவோனுக்கு இவ்வளவே போதும். தமிழில் எழுதுவோனுக்கோ இதனினும் ஆழமான சிக்கல் ஒன்று காத்திருந்தது. கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண்ணாகவே அதனுட் சேமிக்கப்படும். பழைய முறைமைகளில் 256 எண்களுக்கே இடமிருந்தது. அவற்றுள் முதல் 128 இடங்களை ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் பற்றிக்கொண்டன. எஞ்சிய இடங்களில் நம் 247 எழுத்துகளும் எவ்வாறு அடங்கும்? ஆதலின் எழுத்துகளைக் காலென்றும் கொம்பென்றும் புள்ளியென்றும் துண்டாக்கி, அவரவர் விரும்பிய இடங்களில் வைத்தனர். கனடாவிலும் மலேசியாவிலும் சுவிற்சர்லாந்திலும் சிங்கப்பூரிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் தமிழறிந்த ஆர்வலர்கள் அரிதின் முயன்று எழுத்துருக்களை ஆக்கினர். அவர்கள் செய்தது பெருந்தொண்டு. ஆயினும் ஒருவர் வைத்த ஒழுங்கு மற்றவருடையதன்று.

ஓர் உதாரணம் காட்டுவேன். இலங்கைத் தமிழரிடையே பெருவழக்குப் பெற்றது பாமினி என்னும் எழுத்துரு. அதில் ஆங்கில எம் எழுத்தின் இடத்தில் அகரம் இருந்தது. கே எழுத்தின் இடத்தில் மகரம். அரைப்புள்ளியின் இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளி. எச் எழுத்தின் இடத்தில் ஆகாரக் கால். எனவே அம்மா என்று நாம் எழுத, கணினி எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே சேமித்தது. பாமினி எழுத்துரு உள்ள கணினியில் அஃது அம்மாவாகத் தோன்றும். இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கிலக் குவியலாகும். முறைமை மாறினால், எழுத்துரு தொலைந்தால், நாம் எழுதிய தாயின் பெயரையே நாம் படிக்க இயலாது.

இவ்விடத்தில் என் வாழ்விற் கண்டதொன்றைக் கூறுதல் பொருந்தும். 1998ஆம் ஆண்டளவில் படுவான்கரைச் சிற்றூர் ஒன்றின் அண்ணாவியார், தம் பாட்டனார் கைப்பட எழுதிய வடமோடிக் கூத்துக் கொப்பியோடு என்னிடம் வந்தார். தாள் பழுத்து ஓரங்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. “மனே, இது என்னோட போகப்படாது” என்று அவர் சொன்ன சொல் இன்னும் என் செவியில் உள்ளது. அவருடைய ஊரில் அக்காலம் மின்சாரமில்லை. நான் நகரத்திலே மணிக்கணக்கில் வாடகை கொடுத்து, முற்பாதியை ஒரு கடையில் பாமினி எழுத்துருவிலும், அக்கடை பூட்டியிருந்த நாட்களில் பிற்பாதியை வேறொரு கடையில் டொஸ் முறைமையில் மட்டும் இயங்கிய ஒரு தமிழ் மென்பொருளிலுமாகத் தட்டெழுதினேன். இரண்டையும் நெகிழ்வட்டுகளிற் சேமித்தேன். அச்சிட்ட பிரதி ஒன்றையும் கொப்பியையும் அண்ணாவியாரிடம் ஒப்படைத்தேன். பணி முடிந்தது என்றே இருவரும் எண்ணினோம்.

2007இல் போர் மூண்டு படுவான்கரை மக்கள் உடுத்த துணியோடு வாவியைக் கடந்து இடம்பெயர்ந்தபோது கொப்பியும் போயிற்று, அச்சுப்பிரதியும் போயிற்று. அண்ணாவியாரும் பின்னர் மறைந்தார். சில ஆண்டுகள் கழித்து அவருடைய பேரன் என்னைத் தேடிவந்து கூத்தைக் கேட்டான். நெகிழ்வட்டுகளிலிருந்து முன்னரே படியெடுத்து வைத்திருந்த கோப்புகளைத் திறந்தேன். முற்பாதி ஆங்கில எழுத்துக் குவியலாக நின்றது. பாமினியின் ஒழுங்கு பலரும் அறிந்ததாதலால், அதனை மாற்றித்தரும் கருவி கிடைத்தது. விருத்தமும் தருவும் மீண்டும் தமிழாயின. பிற்பாதியை எழுதிய மென்பொருளோ எங்கும் கிடைக்கவில்லை. அதனை வைத்திருந்த கடையும் இல்லை. அக்கோப்பின் உள்ளமைப்பை அறிந்தாரும் இல்லை. பலநாள் முயன்று சில அடிகளை ஊகித்து மீட்டோம். எஞ்சியவை இன்றுவரை பூட்டிய பெட்டிக்குள் இருக்கின்றன. ஒரே ஊர்க் கூத்து. ஒரே கை தட்டியது. பாதி பிழைத்தது, பாதி பிழைக்கவில்லை. வேறுபாடு நான் அறியாமற் செய்த தெரிவில் இருந்தது.

பழைய ஏடுகள் எவ்வாறு பிழைத்தன என்று எண்ணிப் பாருங்கள். பனையோலை நெடுங்காலம் இருக்கும், என்றும் இராது. பூச்சியும் ஈரமும் அதனை உண்ணும். ஆகவே நம் முன்னோர் தலைமுறைதோறும் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதினர். அவ்வாறு படியெடுத்துவந்த ஏடுகளிலிருந்தே எவ். எக்ஸ். சி. நடராசா அவர்கள் 1962இல் மட்டக்களப்பு மான்மியத்தை அச்சிற் பதிப்பித்தார். 1964இல் வித்துவான் வீ. சி. கந்தையா அவர்களின் மட்டக்களப்புத் தமிழகம் வெளிவந்தது. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களை இணையத்திற் சேமித்துவருகின்றது. ஓலையிலிருந்து தாளுக்கும், தாளிலிருந்து கணினிக்கும் எழுத்து கடந்து வந்தமைக்கு ஒரே காரணம், ஏட்டின் எழுத்தைப் படிக்கக் கற்றவர் எவரும் படிக்க முடிந்தமையே. எந்தக் கடைக்காரனும் ஓலையின் திறவுகோலைத் தன் மடியிற் கட்டிக்கொண்டு போகவில்லை.

கணினித் தமிழுக்கும் அத்தகைய பொது ஒழுங்கு வேண்டும் என்பதை அறிஞர்கள் உணர்ந்தனர். 1990களின் பிற்பகுதியில் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியே வாதிட்டுத் தகுதரம் என்னும் குறியீட்டை வகுத்தனர். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாட்டரசு டாப், டாம் என்னும் குறியீடுகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் ஏற்றது. 2000ஆம் ஆண்டில் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. இவையெல்லாம் ஓடிக்கொண்டிருக்க, 1991இலேயே உலகமொழிகள் அனைத்துக்குமென வெளியான ஒருங்குறியில் தமிழுக்கும் இடம் தரப்பட்டிருந்தது. அதன்படி அகரத்தின் எண் 2949. மகரத்தின் எண் 2990. புள்ளியின் எண் 3021. ஆகாரக் காலின் எண் 3006. எந்நாட்டில், எம்முறைமையில், எந்த எழுத்துருவில் எழுதினும் அம்மா என்பது அதே ஐந்து எண்களாகவே சேமிக்கப்படும். உயிர்மெய்க்குத் தனி எண் தரவில்லை என்று ஒருங்குறியைக் குறைகூறுவோர் உளர். அக்குறையை நீக்கவே தமிழ்நாட்டரசு 2010இல் ஒருங்குறியோடு டேஸ் 16 என்னும் குறியீட்டையும் ஏற்றது. இலங்கையோ 2008இல் எஸ்.எல்.எஸ். 1326 என்னும் தரத்தின் வழி ஒருங்குறியை ஏற்று, தட்டச்சுப் பழக்கத்தையொட்டிய ரெங்கநாதன் விசைப்பலகையை நியமமாக்கியது. குறையுடையதாயினும் எல்லாரும் ஒப்பிய ஒழுங்கு, நிறைவுடையதாயினும் ஒருவரே அறிந்த ஒழுங்கினும் மேலானது.

ஒழுங்கு வகுத்தால் மட்டும் போதாது. பணிசெயல் முறைமை அதனை விளங்கிக்கொள்ள வேண்டும். 2000ஆம் ஆண்டு வெளியான விண்டோஸ் 2000 தமிழ் ஒருங்குறியைத் தன்னுள்ளே ஏற்றது. அடுத்த ஆண்டு வந்த எக்ஸ்.பி. அதனை வீடுகளுக்குக் கொண்டுவந்தது. லினக்சில் வேறொரு புதுமை நிகழ்ந்தது. பல நாடுகளிற் சிதறியிருந்த தமிழ்த் தொண்டர்கள் எந்த நிறுவனத்தின் இசைவுக்கும் காத்திராமல், அதன் பட்டியல்களையும் செய்திகளையும் தாமே தமிழாக்கினர். மக் முறைமையும் 2000களின் நடுப்பகுதிக்குப் பின் தமிழைச் செவ்வனே காட்டலாயிற்று. ஆகவே இன்று தமிழெழுத்தைப் பொறுத்தமட்டில் மூன்றும் கடக்கத்தக்க துறைகளே.

பொதுமுறையின் அருமையைப் பேரிடரும் உணர்த்தியது. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கல்லடியையும் நாவலடியையும் கிழக்குக் கரையின் எண்ணற்ற ஊர்களையும் அழித்தது. காணாமற்போனோரைத் தேடவும், முகாம்களையும் உதவிகளையும் பதியவும் ஓர் ஒழுங்கு உடனே வேண்டியிருந்தது. கொழும்பிலிருந்த கணினித் தொண்டர்கள் சில நாட்களிலேயே சகானா என்னும் கட்டற்ற மென்பொருளை எழுதத் தொடங்கினர். லங்கா மென்பொருள் நிறுவகம் அதற்கு நிலைக்களமாயிற்று. மூலநிரல் எவருக்கும் திறந்திருந்தமையால், 2005இல் பாகிஸ்தானில் நிலம் நடுங்கியபோது அங்கும் அது பயன்பட்டது. சமுதாய நலன் கருதிய திட்டத்துக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டு விருதையும் பெற்றது. நம் கரையின் கண்ணீரிற் பிறந்த மென்பொருள் ஒன்று அயல்நாட்டாரின் துயர் துடைத்தது என்பது நாம் மறத்தற்குரியதன்று.

அரசுகளும் இத்தெரிவை எதிர்கொண்டுள்ளன. கேரள மாநிலம் 2001இல் தொடங்கிய பாடசாலைக் கணினித் திட்டத்தைச் சில ஆண்டுகளிற் கட்டற்ற மென்பொருளின்மேல் நிறுத்தியது. ஆசிரியர்களே பழுதுபார்க்கவும் பயிற்றவும் கற்றமையே அதன் வெற்றிக்கு அடிப்படை. தமிழ்நாட்டரசு 2011இல் மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோசும் இந்தியாவில் ஆக்கப்பட்ட போஸ் லினக்சும் ஒருங்கே இடம்பெற்றன. எனினும் கற்பிப்பார் இல்லாத இடத்தில் மாணவர் பழகிய முறைமையையே நாடுவது இயல்பு. முறைமையை வழங்குவது எளிது. அதனை அறிந்தவரை ஊரில் உருவாக்குவதே அரிது.

இனி, நம் வாவிக்கரையார் என் செய்வது? முதலாவதாக, நீங்கள் செய்யவேண்டிய வேலையை நோக்குங்கள். கணக்கு மென்பொருளோ, அரச அலுவலகம் ஒன்று கேட்கும் குறித்த மென்பொருளோ விண்டோசில் மட்டும் இயங்குமாயின், அதனையே முறையான உரிமத்தோடு கொள்ளுதல் நன்று. உரிமமற்ற பிரதி மலிவாகத் தோன்றினும், அதனூடே வைரசும் வரலாம் என்பதை மறவாதீர்கள். ஒலி, ஒளிப்பதிவு, பக்க வடிவமைப்பு ஆகியவற்றைத் தொழிலாகக் கொண்டவருக்கு, பணமும் இருப்பின், மக் தக்கது. ஆயினும் அது பழுதானால் திருத்துவார் அண்மையில் உளரா என்று முன்னரே விசாரியுங்கள்.

கடிதம் எழுதவும், இணையத்திற் படிக்கவும், பிள்ளைகளுக்குக் கற்பிக்கவும் போதுமானது உங்கள் தேவையாயின், விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய கணினியை எறியவேண்டா. லினக்ஸ் அதற்கு இன்னும் சில ஆண்டு வாழ்வளிக்கும். அதனை நிறுவாமலே விரல்நீளச் சேமிப்பான் ஒன்றிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். அச்சுப்பொறியும் கம்பியில்லா இணைப்பும் இயங்குகின்றனவா என்று சோதித்தபின் முடிவு செய்யலாம். லினக்ஸ் என்ற பெயரைக் கேட்டு அஞ்சுவோருக்கு ஒன்று சொல்வேன்: உங்கள் சட்டைப்பையிலுள்ள அண்ட்ரொய்ட் கைத்தொலைபேசியின் அடியில் இயங்குவதும் லினக்சின் கருவே. விடியற்காலையில் வாவியில் வலைவீசும் மீனவர் மகனுக்கு அழைப்பெடுக்கும்போது, அவர் அறியாமலே அதனைக் கையாளுகிறார்.

இவை வசதி பற்றிய தெரிவுகள், ஆண்டுக்காண்டு மாறுவன. டொஸ் போயிற்று, ஓ.எஸ்.2 போயிற்று, எக்ஸ்.பி.க்கான ஆதரவு 2014இல் முடிந்தது; இன்றுள்ளவையும் ஒருநாட் போகும். மாறாதது ஒன்றே. எந்த முறைமையைத் தெரிந்தாலும், எழுதுவதை ஒருங்குறியில் எழுதுங்கள். பல மென்பொருள்களும் திறக்கக்கூடிய பொது வடிவிற் சேமியுங்கள். பாமினியிலும் பிற பழைய எழுத்துருக்களிலும் உறங்குகின்ற கோப்புகளை, மாற்றும் கருவிகள் கைக்கெட்டும் இக்காலத்திலேயே மாற்றிவிடுங்கள். கோயிற் கணக்கு, சங்க அறிக்கை, கண்ணகி வழிபாட்டுப் பாடல், கூத்துக் கொப்பி, இறந்தவர் எழுதிய கடிதம் ஆகிய எல்லாம் இதிலடங்கும். மறுபதிப்பு எழுதாத ஏடு செல்லரித்தது போல, மாற்றி வைக்காத கோப்பும் அழியும். செல்லரித்த ஏட்டில் துளைகளாவது கண்ணுக்குத் தெரியும். கோப்பின் அழிவு திறக்கும் நாள்வரை தெரியாது.

மட்டக்களப்பு நகரையும் கல்லடியையும் இணைத்த மானிங் சீமாட்டி பாலம் 1924இல் திறக்கப்பட்டது. மண்முனையில் மக்கள் நெடுங்காலம் பாதையிற் கடந்த துறைக்கு 2014இலேயே பாலம் வந்தது. பாலம் வந்தபின் எவ்வண்டியில் வந்தாய் என்று எவரும் கேட்பதில்லை. மாட்டுவண்டியும் போகிறது, பேருந்தும் போகிறது. நம் எழுத்துக்கு ஒருங்குறி அத்தகைய பாலம். வண்டியை அவரவர் பொருளுக்கும் தேவைக்கும் ஏற்பத் தெரிந்துகொள்ளலாம்.

அண்ணாவியாரின் கூத்திற் பிழைத்த பாதியை நான் இன்று மூன்று இடங்களில் வைத்திருக்கிறேன். ஒன்று விண்டோஸ் கணினியில். ஒன்று லினக்ஸ் கணினியில். மற்றொன்று நல்ல தாளில் அச்சிட்டு, அவருடைய பேரன் வீட்டுப் பெட்டகத்தில். பிற்பாதியின் கோப்பையும் அழிக்கவில்லை. அதனைத் திறக்க வல்லார் ஒருவர் என்றேனும் வரக்கூடும்.